எஸ்தர் டீச்சரின் கறுப்பு வெள்ளை மணிகள்

"எஸ்தர் டீச்சர் தவறிட்டாங்களாம்" என்று நம் பள்ளி ரமணி போனில் சொன்னபோது நான் அரக்கோணம் போகும் ரயிலில் மகளிர் பெட்டியில் நின்றுகொண்டிருந்தேன். "யார் சொன்னது? நேத்துகூட பேசினேனே!" என்று கத்திவிட்டேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. சர்க்கரை நோய்க்காரி, மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டாள். அதற்காக எத்தனை முறை திட்டியிருப்பேன்! இனி யாரைத் திட்டுவது?

திருத்தணிப் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளைத் தெரியும். அவள் கம்ப்யூட்டர் டீச்சர், நான் தமிழ். கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று இருந்தது; உள்ளே இருந்த எதுவும் ஓடாது. அதற்காக அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. ஐந்து பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்து, பதினாறு, எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டுவாள். நின்றால் ஒன்று, உட்கார்ந்தால் பூஜ்ஜியம். "ஐந்து!" என்று கத்தினால் நான்கும் ஒன்றும் எழுந்து நிற்க வேண்டும். "கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது இவ்ளோதான் பசங்களா. மீதியெல்லாம் பந்தா" என்பாள்.

ஒருநாள் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே ஓடி வந்தாள். "ஏய், அஞ்சு பேரும் நின்னா முப்பத்தொண்ணு. உயிர் பன்னெண்டு, ஆய்தம் ஒண்ணு, மெய் பதினெட்டு. அதுவும் முப்பத்தொண்ணுடி!" என் வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தாலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து 'அ' ஒன்று, 'ஆ' இரண்டு என்று ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுத்துவிட்டாள்.

பிறகு நூலும் மணியும் வந்தன. நிற்பதற்குக் கறுப்பு மணி, உட்காருவதற்கு வெள்ளை மணி, எழுத்துக்கு ஐந்து மணி, தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்பு முடிச்சு. பிடித்த ஒரு வார்த்தையைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகச் சொன்னாள். கிறிஸ்தவ டீச்சர் பிள்ளைகள் கழுத்தில் மணி மாட்டி அனுப்பினால் முருகன் மலையடிவாரத்தில் என்ன பேச்சு கிளம்பும்? ஜெபமாலை என்று கிளம்பியது. "எங்க சபையில ஜெபமாலையே கிடையாதுடி!" என்று சிரித்தாள். மறுநாள் காலை பள்ளி வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

முன்னால் நின்றவர் பொதட்டூர்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த நெசவாளி, ஏழாம் வகுப்பு லாவண்யாவின் அப்பா. மகளின் மணிமாலை அவர் கைப்பிடிக்குள் இருந்தது. பக்கத்தில் லாவண்யா அழுதுகொண்டிருந்தாள். தலைமையாசிரியர் எஸ்தரின் காதருகே வந்து, "புகார் எழுதிக் குடுத்துட்டாங்கன்னா உங்க வேலை போயிடும்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவளுடையது தற்காலிக வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வீடே ஓடியது.

"படிக்க அனுப்பினா மதம் மாத்துவீங்களா? என்னாத்த மாட்டிகீறீங்க எம்பொண்ணு கழுத்துல?" என்று அவர் நூலை இரண்டு கையாலும் இழுத்தார்.

"யோவ், கையை எடு!" என்று நான் பாய்ந்தேன்.

"நீ சும்மா இருடி" என்று என்னைப் பின்னால் இழுத்தாள் எஸ்தர். அவரிடம், "அறுங்கண்ணா. ஆனா என்னா எழுதிகீதுன்னு படிச்சிட்டு அறுங்க" என்றாள்.

"மணில என்னா எழுத்து?"

அட்டை மாட்டிய ஐந்து பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "சிவப்பு முடிச்சில இருந்து சொல்லிகினு வாங்க. பசங்க காட்டுவாங்க." பின்னாலிருந்து ஒருவன், "டிராமா காட்றாங்கப்பா!" என்றான். லாவண்யா என்ன கோத்திருந்தாள் என்று எஸ்தருக்கே தெரியாது. பாதி பிள்ளைகள் மணியை மாற்றிக் கோத்துவிடுவார்கள். ஒரு மணி தப்பினாலும் அவள் கதை முடிந்தது.

"கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு" என்றார் வேண்டாவெறுப்பாக. பதினாறும் நான்கும் ஒன்றும் எழுந்தன. "இருபத்தொண்ணு! ந்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அடுத்தது எட்டும் ஒன்றும். "ஒம்பது! ஐ! நை!" கூட்டம் கொஞ்சம் அடங்கியது. மூன்றாவது ஐந்துமே கறுப்பு; எல்லோரும் எழுந்து நின்றார்கள். "ன்!"

அவர் நிறுத்திவிட்டார். இன்னும் ஐந்து மணி இருந்தது.

"என்னாய்யா நின்னுட்ட, படி!" என்றது கூட்டம்.

"நைனான்னுதான் கோத்தேன்" என்றாள் லாவண்யா, அழுகையோடு. தெலுங்கு பேசும் அவர்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மாலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "போங்கய்யா, போய் வேலையைப் பாருங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். புகாரை யாரும் எழுதவில்லை. தலைமையாசிரியர் மட்டும், இனிமேல் மணியே கூடாது என்றுவிட்டார். "மணி போனா என்னா? நிக்கறதுக்கும் உக்கார்றதுக்கும் பசங்க இருக்காங்களே" என்றாள் எஸ்தர்.

அடக்கத்தன்று நீங்கள் எல்லோரும் அவளைப் பயமே அறியாதவள் என்று பேசினீர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. என்னைப் பின்னால் இழுத்தாளே, அந்தக் கையை அவள் விடவே இல்லை. கூட்டத்தின் கண்ணுக்குப் படாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவ்வளவும் பேசினாள். அவர் ஒவ்வொரு மணியாகச் சொல்லச் சொல்ல அவள் பிடி இறுகிக்கொண்டே போனது. என் கண்ணாடி வளையல் உடைந்து சதையில் ஏறியது. எல்லோரும் போன பிறகுதான் பார்த்தாள். "ஐயையோ, ரத்தம்டி! வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?" என்று என்னையே திட்டினாள்.

எப்படிச் சொல்வேன்? சொல்லியிருந்தால் கையை எடுத்திருப்பாள். அந்தத் தழும்பு என் மணிக்கட்டில் இருக்கிறது.