கெட்ட கள்ளனின் வசனம்

கண்ணையனின் தொண்டை காரைக்கால் துறைமுகத்துக்கே சொந்தம். விடியலில் படகுகள் வந்து சேர்ந்ததும் வஞ்சிரமும் பாறை மீனும் கூடை கூடையாகத் தரையில் இறங்கும். இவர் நடுவில் நின்று ஏலம் கூவ ஆரம்பித்தால் ஐஸ் லாரியின் இரைச்சல்கூட எடுபடாது. விலை கேட்கிறவனையும் திட்டுவார், கேட்காதவனையும் திட்டுவார். "வாங்க வந்தியா, மீனுக்கு ஜாதகம் பாக்க வந்தியா?" என்று அதட்டினால் வியாபாரிகள் சிரித்துக்கொண்டே விலையை ஏற்றுவார்கள். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. ஏலக்காரன் வாயில் வருவது வயிற்றுப்பாட்டுக்கு, மனசில் ஒன்றும் இருக்காது என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

அந்தத் தொண்டைதான் மாரியம்மனுக்குத் தீமிதிக்கிற மனுஷனை மாதா கோயில் மேடையில் கொண்டுபோய் ஏற்றியது. கோட்டுச்சேரிப் பக்கத்து மாதா கோயிலில் வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம், இயேசு பாடுபட்டுச் சிலுவையில் மரித்த கதையைப் பாஸ்கா நாடகமாகப் போடுவார்கள். இயேசுவாக நடிக்க அடிபிடி நடக்கும். கெட்ட கள்ளனுக்கு மட்டும் ஆள் சிக்காது. இயேசுவுக்கு வலது பக்கம் ஒரு கள்ளன், இடது பக்கம் ஒரு கள்ளன் என்று சிலுவையில் அறைந்தார்கள் அல்லவா? வலது பக்கத்தவன் மனம் திருந்திவிட்டான். இடது பக்கத்தவன் சாகிற நேரத்திலும் அவரை ஏளனம் செய்தான். அந்த ஏளனத்தைப் புருஷன் வாயால் கேட்க கிறிஸ்துவை நம்புகிற எந்த வேதக்கார வீட்டுப் பெண்சாதி சம்மதிப்பாள்?

கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சவரிநாதன் மீன் வாங்க வந்த இடத்தில் கண்ணையனின் கூச்சலைக் கேட்டார். அங்கேயே பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு வசனம்தான் கண்ணையா. எங்க ஆளுங்க சொன்னா பாவம். நீ சொன்னா தோஷமில்ல, நீ வேதக்காரன் இல்லையே."

நல்ல நியாயம் போங்கள்! பெற்ற பிள்ளை திட்டினால்தான் வலிக்கும், பக்கத்து வீட்டுக்காரன் திட்டினால் இனிக்குமாக்கும். ஆனால் கண்ணையன் அதையெல்லாம் யோசிக்கிற ஆளில்லை. மைக் கொடுத்தால் போதும். பல வருஷமாக அவர்தான் கெட்ட கள்ளன். நாடகம் முடிந்ததும் கோயில் பெண்கள் "பாவி, பாவி!" என்று சிரித்தபடி டீயும் பன்னும் கொடுப்பார்கள்.

போன வருஷம் அப்படி இல்லை. அவருடைய ஒரே மகன் முத்துக்குமரன் போயிருந்த படகை, எல்லை தாண்டியதாகச் சொல்லி அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. பையன்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்துச் சிறையில். மனைவி கனகாம்பாள் சோற்றைப் பிசைவாள், வைத்துவிட்டு எழுந்து போவாள். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அங்கே வழக்கு வருகிறது, விட்டுவிடுவார்கள் என்று மீனவர் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். கண்ணையனுக்கு வேஷம் கட்ட மனசே இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்றுதான் போனார்.

சிலுவையில் கயிற்றால் கட்டி நிறுத்தினார்கள். கீழே சனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. நடுச் சிலுவையில் எலக்ட்ரிக் கடை ஆரோக்கியம், இயேசுவாகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான். கண்ணையன் எழுதிக்கொடுத்த வசனத்தைச் சொன்னார். "நீ கடவுளுடைய குமாரன்தானே? உன்னையும் காப்பாத்திக்கோ, எங்களையும் காப்பாத்து!" அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். "குமாரன்" என்று வாய் சொன்னதும் சிறையில் சுருண்டு கிடக்கிற தன் பிள்ளை கண்ணில் வந்து நின்றான்.

"யோவ், ஒனக்குக் கண்ணு இருக்கா? வலையும் கையுமா போன பச்சப்புள்ளைங்கள எவனோ புடிச்சிட்டுப் போறான், நீ தொங்கிக்கிட்டு வேடிக்கையா பாக்குற? கைய விரிச்சிக்கிட்டு நின்னா ஆச்சா? நீயெல்லாம் ஒரு கடவுளா? த்தூ!"

துப்பியேவிட்டார். ஆரோக்கியம் தலை சாய்த்துத் தொங்க வேண்டியதை மறந்து திரும்பிப் பார்த்தான். கூட்டத்தில் விசில் பறந்தது. இப்படி ஒரு கெட்ட கள்ளனை எங்கள் ஆயுசில் பார்த்ததில்லை என்று கிழவர்கள்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

உபதேசியார் மட்டும் தனியே இழுத்துப் போனார். முகம் கறுத்திருந்தது. "எழுதாததெல்லாம் பேசினியே, நடிச்சியா, மனசாரச் சொன்னியா? நடிச்சிருந்தா பரவாயில்ல. மனசாரச் சொல்லியிருந்தா அது தேவதூஷணம் கண்ணையா. அதுக்கு மன்னிப்பு கெடையாது."

"நடிச்சேங்க" என்றார் கண்ணையன். அது பச்சைப் பொய்.

திங்கட்கிழமை வந்தது. பையன்களை விடவில்லை. வாய்தா போட்டுவிட்டார்கள் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது கனகாம்பாள் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். கண்ணையனுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. நம் வாய்தான். நம் வாய்தான் பிள்ளையைப் பூட்டி வைத்துவிட்டது. யார் வீட்டுச் சாமியையோ, அவர்கள் மேடையிலேயே ஏறி, அவர்கள் டீயைக் குடித்துக்கொண்டே காறித் துப்பினோமே! இதை யாரிடம் சொல்வது? பெண்டாட்டியிடம் சொன்னால் உயிரை விட்டுவிடுவாள். மறுநாள் ஏலத்தில் தொண்டை எழும்பவில்லை. முனகுகிற ஏலக்காரனிடம் எவன் விலை ஏற்றுவான்?

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. மத்தியான வெயிலில் மாதா கோயிலுக்குப் போனார். பங்குச் சாமியார் எமில், கண்ணையனைவிட மிகவும் இளையவர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைப் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணையன் தொங்கிய சிலுவை தரையில் கிடந்தது.

"வாங்கண்ணே. ஏன் இப்படி எளைச்சிட்டீங்க?"

அவ்வளவுதான், மனுஷன் உடைந்துவிட்டார். எல்லாவற்றையும் கொட்டினார். உபதேசியாரிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து. "ஊரே நடிப்புன்னு நெனைக்குது சாமி. நான் நடிக்கல. மனசாரத் திட்டினேன்."

சாமியார் அந்தச் சிலுவை மேலேயே உட்கார்ந்தார். "மனசார என்ன வேணும்னு திட்டினீங்க? அவரைக் கேவலப்படுத்தணும்னா?"

"ஐயோ, இல்ல சாமி. என் புள்ள வரணும்னு."

"கடவுளை வெறுத்து, அவரை அவமானப்படுத்தணும்னே நெனைக்கிறது, பேசறது, செய்யறது, அதுதாண்ணே தூஷணம். நீங்க பேசினது நல்ல பேச்சுன்னு சொல்ல மாட்டேன், துப்பினது அதைவிட மோசம். ஆனா வலி தாங்காம அலறினதை அந்தப் பாவத்தோட சேர்க்க முடியாது. ஆளே இல்லாத வீட்டு வாசல்ல நின்னு எவனாவது சண்டை போடுவானா? உள்ள இருக்காருன்னு நம்பித்தானே கத்தினீங்க?"

"மன்னிப்பே இல்லைன்னு உபதேசியார்..."

"மன்னிப்பு கேட்டு வந்து நிக்கிறவருக்கு எப்படி இல்லாமப் போகும்? உபதேசியாருக்கு எதுக்கெடுத்தாலும் பயம். ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நடுவுல தொங்கினவரே சாகும்போது, ஏன் என்னைக் கைவிட்டீங்கன்னு அப்பாவைப் பார்த்துக் கத்தினவர்தான். அவர் மேல போட்ட வழக்கு என்ன தெரியுமா? தேவதூஷணம்."

"அவரு மேலயா?" கண்ணையன் வாயைப் பிளந்தார். இத்தனை வருஷம் பக்கத்திலேயே தொங்கியும் அது காதில் ஏறவில்லை. தன் வசனம் வருகிறவரை எந்த நடிகன் மற்றவன் வசனத்தைக் கேட்கிறான்!

ஆனாலும் நெஞ்சில் முள் இருந்தது. "அப்ப என் வாய்க்காகத்தானே சாமி, என் புள்ளைய அடைச்சு வெச்சிருக்காரு? வாய்தா அதனாலதானே?"

சாமியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்தே விட்டார்.

"மேடையில சொன்னதை மன்னிச்சிடலாம். இப்ப சொன்னீங்க பாருங்க, இதுதான் அவருக்கு அவமானம்! அப்பன் திட்டினான்னு புள்ளையப் பூட்டி வெச்சுப் பழி தீர்க்கிறவரா அவரு? அப்படிப்பட்ட ஆளுக்கா நான் தினமும் பூசை வைக்கிறேன்? அந்தப் பேச்சை வாபஸ் வாங்குங்க."

"ஏலத்துல கேட்ட வெலைய வாபஸ் வாங்க முடியாதுங்க சாமி" என்றார் கண்ணையன் பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. சாமியார் சிரித்துவிட்டார். கண்ணையனும் சிரித்தார், அழுதார், மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "வாங்கிக்கிறேன் சாமி, வாங்கிக்கிறேன்" என்றார். நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து கனகாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் உயிரை விடவில்லை. "இதுக்கா செத்தவன் மாதிரி திரிஞ்சீங்க? நான் தெனம் கோயிலுக்குப் போயி மாரியாத்தாள நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன். அவ என்ன, ஓடியா போயிட்டா?" என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

முத்துக்குமரன் அடுத்த வாய்தாவில் வரவில்லை, அதற்கடுத்ததில் வந்தான். படகு வரவில்லை, பிள்ளை வந்தான், அது போதும். வேனிலிருந்து இறங்கியவனின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார் கண்ணையன். எலும்பு தட்டியது. உடம்பை ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டார்.

இந்த வருஷம் மறுபடியும் ஒத்திகை. முத்துக்குமரனும் கூட வந்து, டீ கிளாஸோடு ஓரமாக நின்றான். கண்ணையன் சிலுவையில் ஏறி வசனத்தைச் சொன்னார். சத்தம் இருந்தது, சூடு இல்லை. உபதேசியார் உச்சுக்கொட்டினார்.

"என்னய்யா இது, போன வருஷம் மாதிரி வரலையே? பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் அதைப் பாக்கத்தான் வருது. அந்தக் கண்ணு இருக்கான்னு கேட்டது, அதையும் சேர்த்துக்க. நடிப்புதானே, தோஷமில்ல."

கண்ணையன் மேலே இருந்தபடியே மகனைப் பார்த்தார். அவன் கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"வராதுங்க உபதேசியாரே" என்றார். "போன வருஷம் நான் நடிக்கல. இந்த வருஷந்தான் நடிக்கிறேன்."