முட்டுவலி போன கதை

ஜெராக்ஸ் என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக ஜெராக்ஸ் கடையில் நிற்கிறவளுக்கு வேறு பெயர் எதற்கு? காலையில் ஷட்டரைத் தூக்கினால் சாயங்காலம் இறக்குகிற வரைக்கும் நின்ற கால்தான். விண்ணப்பத்துக்கு இரண்டு காப்பி, சான்றிதழுக்கு மூன்று காப்பி, "என்னங்க இவ்ளோ கறுப்பா வருது" என்று சண்டைக்கு நிற்பவருக்கு இன்னொரு காப்பி. வலது முட்டி வலிக்காமல் என்ன செய்யும்?

ஒரு நாள் கோட்டுப் போட்ட ஒருவர் நூறு நோட்டீஸ் எடுக்க வந்தார். 'முதலாளி போல் சிந்திப்பது எப்படி?' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காப்பிக்கு வருகிற தாளைப் படிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் தர்மம். இவள் படித்தாள். நூறாவது தாள் வெளியே வருவதற்குள் அவருக்குக் கீழே உறுப்பினராகிவிட்டாள். விஷயம் இவ்வளவுதான். எல்லா வியாதிக்கும் மருந்து என்று விற்கிற பச்சைப் பொடி ஒரு டப்பா வாங்கினால் உறுப்பினர். நமக்குக் கீழே ஆள் சேர்த்தால், அவர்கள் வாங்கும் ஒவ்வொரு டப்பாவிலும் நமக்கு ஒரு பங்கு.

அதே வாரம் கடைக்காரருக்கு என்ன புத்தி வந்ததோ, உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட்டார். பதினைந்து நாளில் முட்டுவலி போன இடம் தெரியவில்லை. ஸ்டூலால்தான் போனது, அது அவளுக்கே தெரியும். ஆனால் அந்தப் பதினைந்து நாளும் பொடியையும் கரைத்துக் குடித்திருந்தாள்.

"ஸ்டூல் விக்கிற கம்பெனியா மேடம் நாம?" என்று, அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார் கோட்டுக்காரர். "உங்க கதைதான் உங்க மூலதனம். முதலாளி மாதிரி யோசிங்க."

யோசித்தாள். போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். "டாக்டர் குடுத்த மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டேங்க, இந்தப் பொடிதான் என்னை நடக்க வெச்சுது." தூக்கிப் போடுவதற்கு அவளிடம் மாத்திரை என்று ஒன்று இருந்ததே இல்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னாள்.

அந்தக் குரலைக் கேட்டு முதலில் சேர்ந்தது அவளுடைய சொந்த அக்கா.

அக்கா ஒரு மழலைப் பள்ளியில் ஆயா. பிஞ்சு மூக்குகளைத் துடைத்து, இடம் வலம் மாறிய ஷூக்களைச் சரியாக மாட்டிவிட்டு, நனைந்த கால்சட்டைகளை மாற்றியே இருபது வருடம் போய்விட்டது. புருஷன் இறந்த பிறகு அவள் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அவளைச் சேர்த்தது இரக்கத்தில் என்று தங்கை பிற்பாடு சொல்லிக்கொள்வாள். அதெல்லாம் சும்மா. மாதக் கடைசி, கணக்குக்கு ஓர் ஆள் குறைந்தது.

சேர்த்தவள்தான் சொல்லியும் கொடுத்தாள். "முதல்ல எதிர்க்கிறது சொந்தக்காரங்கதான்க்கா. வயித்தெரிச்சல்ல பேசுவாங்க. அழுவாங்க, கால்லகூட விழுவாங்க. நீ சிரிச்சிட்டே கேளு, மனசை மட்டும் மாத்திக்காத." அக்கா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எட்டே மாதம். தங்கைக்குக் கீழே அக்காவைத் தவிர மூன்று பேர், அதில் ஒருவர் போனை எடுப்பதே இல்லை. அக்காவுக்குக் கீழே நாற்பது பேர். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள், அவர்களின் மாமியார்கள், பள்ளி வேன் டிரைவர், அவருடைய மச்சான். ஆயாம்மா மேடம் ஆனாள். வாயில்லாப் பூச்சியாக இருந்தவள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் மைக்கைப் பிடித்தால் விடுவதில்லை. தங்கைக்குப் பொறாமையே வரவில்லை என்று நான் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. வந்தது.

மேடையில் அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரே கதையைத்தான் சொல்வாள். பத்து வருடச் சர்க்கரை வியாதி, தங்கை குரலைக் கேட்ட அன்றைக்கே மாத்திரையை நிறுத்தியது, அன்றிலிருந்து ஒரு குறையும் இல்லை. கேட்கும்போதெல்லாம் தங்கை மனதுக்குள் சிரித்துக்கொள்வாள். பரவாயில்லையே, அக்காவும் நம்மைப் போலவே அளக்கக் கற்றுக்கொண்டாளே என்று நினைத்தாள். பொய் சொல்கிறவளுக்கு ஊரெல்லாம் பொய் சொல்வதாகத்தான் தோன்றும். அக்கா பொய் சொல்லத் தெரியாதவள் என்பது கூடப்பிறந்தவளுக்கு ஞாபகம் வரவே இல்லை.

ஒரு மத்தியானம் தங்கை அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். வலது பாதத்துக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது.

"அக்கா, கால்ல என்னது?"

"எதுடி?"

தங்கை அந்தப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே வட்டமாக ஒரு புண், ஓரமெல்லாம் கறுத்துப்போய். நடுவில் நோட்டீஸ் போர்டில் குத்துகிற பின் ஒன்று, கொண்டை வரைக்கும் இறங்கியிருந்தது.

"வலிக்கலையாக்கா?"

"கொஞ்சம்கூட இல்லையே! முன்னாடியெல்லாம் பாதம் அப்படி எரியும். இப்ப எரிச்சலே இல்ல. பொடி எப்படி வேலை செய்யுது பாரு."

"மாத்திரை?"

"அதான் நிறுத்திட்டேனே. மேடையில நான் சொல்றதை நீ கேக்கறதே இல்லையா?"

தங்கை பின்னைப் பிடுங்கித் துணி சுற்றிவிட்டு மருந்துக்கடைக்கு ஓடினாள். மருந்துக்கடைக்காரர் கேட்டுவிட்டுக் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"வலி இல்லன்னா நல்லதுன்னு யாரும்மா சொன்னது? உணர்ச்சி போயிருக்கு. இப்படியே விட்டா காலையே எடுக்க வேண்டி வரும். இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

திரும்பி ஓடிவந்து எல்லாவற்றையும் கொட்டினாள். ஸ்டூலைச் சொன்னாள், இல்லாத மாத்திரையைச் சொன்னாள். அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள். தங்கை அழுதாள். அக்கா சிரித்தாள். தங்கை அந்தக் காலையே பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"உனக்குக் கீழ வந்தவ மேல போயிட்டேன்னு இருக்கும்ல," என்று அக்கா அவள் தலையைத் தடவினாள். "பரவாயில்லடி. எனக்கு உன் மேல கோவமே இல்ல."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று நோட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தானே, இவளிடம் புதிதாகக் கேட்க என்ன மிச்சம் இருக்கும்?

கோட்டுக்காரருக்கு போன் போட்டாள். "மாத்திரையை நிறுத்துங்கன்னு கம்பெனி சொல்லவே இல்லையே மேடம்," என்றார் அவர் பதறாமல். "நோட்டீஸ்ல கீழ சின்ன எழுத்துல தெளிவா போட்டிருக்கு. நீங்கதானே ஜெராக்ஸ் எடுத்தீங்க?"

நான்கு நாள் பேச்சும் ஏச்சுமாகப் போனது. அக்கா அசையவில்லை. கடைசியில் தங்கை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கே போய் எல்லோர் முன்னாலும் உடைத்துவிடுவது என்று தீர்மானித்தாள். மானம் போனால் போகட்டும், கால் மிஞ்சினால் போதும்.

மரச்சாமான் கடைக்கு மேலே வாடகை ஹால். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. வழக்கமான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒருவர் சந்தேகப்படுகிற சொந்தக்காரராகப் பேச வேண்டும், மேடையில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். அக்கா பாதம் முழுக்க மூடிய ஷூவோடு மேடையில் நின்றாள். வேன் டிரைவர் சந்தேகப்படுகிற மச்சானாக நடித்துவிட்டு இறங்கியதும், தங்கை விறுவிறுவென்று ஏறி மைக்கைப் பிடுங்கினாள்.

எதையும் விடவில்லை. ஸ்டூல், பொய், பின், புண். "நான் சொன்ன பொய்யாலதான் எங்க அக்கா மாத்திரையை நிறுத்திட்டா. ஷூவைக் கழட்டிப் பாருங்க. அவளுக்குக் கால் போயிடும். தயவு செஞ்சு யாராவது அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." மைக்கைப் பிடித்தபடியே விம்மி விம்மி அழுதாள்.

பிறகு முன்வரிசையில் கோட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.

"பார்த்தீங்களா? உங்க வீட்டுலயும் இப்படித்தான் வருவாங்க! இதைவிடத் தத்ரூபமா யாராலயும் செஞ்சு காட்ட முடியாது!"

ஹால் முழுக்கக் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். இல்லை, இல்லை என்று இவள் தலையை ஆட்ட ஆட்டக் கைதட்டல் கூடியது.

அக்கா மெதுவாக வந்து மைக்கை வாங்கி அதன் சுவிட்சை அணைத்தாள். தங்கையைக் கட்டிக்கொண்டு காதோரம் சொன்னாள்.

"நீ நடிக்கலன்னு எனக்குத் தெரியும்டி. காலையில சாக்ஸ் புண்ணோட ஒட்டிக்கிச்சு, கழட்ட முடியல."

"வாக்கா. இப்பவே போயிடலாம், வா."

"எப்படிடி வர்றது? என்னைப் பார்த்து இதுல எத்தனை பேரு மாத்திரையை நிறுத்தியிருக்காங்க தெரியுமா? நான் போய் ஆஸ்பத்திரியில படுத்தா அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

தங்கை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா அவளை விட்டு விலகி, மைக் சுவிட்சை மறுபடி போட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அடுத்து யாரு வர்றீங்க?"