பிளாஸ்டிக் வைக்கோல்

மகன் பேரங்காடியில் வாங்கிவந்த கிறிஸ்மஸ் குடிலைத் திறந்ததுமே பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. குழந்தை இயேசுவைக் கிடத்தும் தொட்டி நிறைய பிளாஸ்டிக் வைக்கோல்.

சின்ன வயதில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் தொட்டி காலியாகத்தான் இருக்கும். கிறிஸ்மஸுக்கு முந்தைய நாட்களில், ஆசைப்பட்ட ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் ஒரு வைக்கோல் போடலாம். பால்காரர் கொட்டகை வைக்கோல், சாணி வாசம் வீசும். ஒருநாள் சிவப்பு ஐஸ் தின்றுவிட்டு, தின்னாதவள்போல் ஒன்று போட்டேன். அம்மா என் நாக்கைப் பார்த்துவிட்டார்.

"சாமிகிட்டயேவாடி பொய்? எடு அதை."

இன்று வாசலில் பிரிக்காத பார்சல்கள் குவிந்து கிடக்கின்றன. எனக்கு அருவருப்பாக இருந்தது. தொட்டியிலிருந்த பிளாஸ்டிக் வைக்கோலை அள்ளிக் குப்பையில் போட்டேன்.

"ஏம்மா, ரெடியா வந்தது லா! வெறுங்கட்டை இயேசு புள்ளைக்குக் குத்தாதா?" என்றான் மகன்.

நான் அவனை எதிர்த்துப் பேசியதே இல்லை.

"குத்தும்யா. நாமதான் இன்னும் ஒன்னையும் விடலையே," என்றேன்.