மடுவத்து வாசலில் நின்றுபோன கால்

மலையில் மீனம்மாவைக் குறை சொல்ல ஆள் இல்லை. ஐம்பத்தாறு வயதிலும் செங்குத்தான பன்னிரண்டாம் நம்பர் மலையில் தேயிலை நிரை பிடித்து ஏறினாளென்றால், இளம் பெண்கள் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் ஏற வேண்டும். தொல்லையெல்லாம் கீழே, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில்தான்.

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. மடுவம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில், வழவழப்பான சிமெந்துத் தரை, ஆள் ஒருத்தர் நுழையும் அகலத்தில் வாசல். பின்னேரம் நாலரைக்குக் கடைசி நிறுவை. அன்றைக்குக் கொழுந்துப் பையோடு முன்னால் போன மீனம்மாவின் கால் வாசலில் நின்றுவிட்டது. வலியும் இல்லை, மரத்துப் போகவும் இல்லை. உள்ளங்காலைத் தரை பிடித்துக்கொண்டாற்போல இருந்தது. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்த அவசரப்படுத்த, அந்தப் பிடி இன்னும் இறுகியது.

"மலையில மான் மாதிரி ஏறுறாங்க. மடுவத்தக் கண்டாத்தான் அத்தைக்குக் காலு வர மாட்டேங்குது," என்றாள் பக்கத்து லயத்து வீட்டு வினோதா. வரிசை சிரித்தது. மீனம்மாவும் சிரித்து வைத்தாள்.

அந்த மாதத்தில் மூன்று தடவை இப்படி ஆயிற்று. பிள்ளைக்காம்பராவில், தாய்மார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அப்போது காலியாக இருந்தது. அந்த லேசான வேலைக்குத்தான் மீனம்மா நடிக்கிறாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அவளுக்கோ அந்த வேலை வேண்டவே வேண்டாம். பதினாறு வயதிலிருந்து அவள் மலையில் நிற்பவள். இப்போது அவள் கால் அவள் சொன்னபடி கேட்கிற இடமும் மலை ஒன்றுதான்.

டாக்டரிடம் போனது கைக்காக. சும்மா இருக்கும்போது வலது கைப் பெருவிரல், எள்ளுருண்டை பிடிப்பதுபோலத் தானாக உருண்டுகொண்டிருந்தது. டாக்டர் அம்னா விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னார், முழங்கையை நீட்டி மடக்கிப் பார்த்தார், ஆஸ்பத்திரி நடைபாதையில் நடந்து காட்டச் சொன்னார். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. மீனம்மா ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பி வந்தாள். வலது கை மட்டும் வீசவில்லை.

"மூளையில டோபமின்னு ஒரு பொருள் ஊறும்," என்றார் டாக்டர். "பழகின வேலைய நாம நினைக்காமலே கை கால் செய்யுதே, அதைத் தொடங்கி விடுறது அதுதான். உங்களுக்கு அது ஊறுற இடம் கொஞ்சங்கொஞ்சமா பழுதாகுது. இந்த வருத்தத்துக்குப் பார்கின்சன்னு பேரு. முழுசா குணமாகாது. ஆனா மாத்திரை அந்தக் குறைய நிரப்பும்."

காலில் ஏதும் கஷ்டம் உண்டா என்றும் கேட்டார். மீனம்மா தான் நடந்து வந்த தரையைப் பார்த்தாள். இவ்வளவு நன்றாக நடந்து காட்டிவிட்டு மடுவத்து வாசலில் கால் நின்றுவிடுகிறது என்று சொன்னால் இவரும் நடிப்பென்றுதான் நினைப்பார். இல்லை என்றுவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அதையே யோசித்தாள். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் எல்லாரும் வந்து நிற்கிறார்கள். இன்னார் இன்ன மலைக்கு என்று சொல்கிற குரல் வராவிட்டால், எவ்வளவு தெம்புள்ளவரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். கையும் காலும் அப்படித்தான் காத்து நிற்கின்றனபோலும்.

மாத்திரையில் விரல் அடங்கியது. கொழுந்தில் கை முன்புபோல ஓடியது. ஆனால் பகல் மாத்திரையின் வேகம் கடைசி நிறுவை நேரத்தில் இறங்கிவிடும். மறுபடியும் வாசலில் நின்றாள்.

கங்காணி யோகேஸ்வரன் கெட்டவன் இல்லை. தனியே கூப்பிட்டுத்தான் சொன்னான்: "அக்கா, இன்னொரு தடவ வழிய மறிச்சீங்கன்னா தொரைகிட்ட சொல்லி உங்கள பிள்ளைக்காம்பராவுக்கு மாத்திருவேன். நீங்க நினைக்கிறதும் அதுதான்னு சொல்றாங்க."

"நான் நினைக்கல தம்பி," என்றாள். அது அவன் காதில் விழுமுன் அவன் போய்விட்டான்.

மறுநாளே கால் நின்றது. கங்காணி தராசுக்குப் பக்கத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தான். மீனம்மாவின் கக்கத்தில் மட்டக்கம்பு இருந்தது. கொழுந்து எடுக்கும்போது செடியின் தலை மட்டம் பார்க்கச் செடிமேல் வைக்கிற நீளக் கம்பு. அது நழுவி, அவள் கால் விரலுக்கு முன்னால் வாசலுக்குக் குறுக்கே விழுந்தது. தடுக்கிவிடக் கூடாதே என்று குனிந்து பார்த்தாள். பார்த்ததும் வலது கால் எழும்பி, கம்பைத் தாண்டி உள்ளே ஊன்றியது. இடது காலும் வந்தது.

கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகும் அவள் போகவில்லை. மலையில் தண்ணீர் ஓடுகிற கான் உண்டு, படிக்கல் உண்டு, தாண்டிப் போக வேர் உண்டு. ஆஸ்பத்திரியில் கட்டம் இருந்தது. இந்தச் சிமெந்தில்தான் கண் பார்த்துக் காலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நாலு பேர் பார்க்கத் தண்ணீர் குடிக்கவும் கூசுகிறவள், அத்தனை பேர் நிற்க வெளியே வந்தாள். "கங்காணி, இங்க பாருங்க," என்றாள். வெறும் வாசலில் நடக்கப் பார்த்தாள். கால் ஒட்டிக்கொண்டது. கம்பைக் குறுக்கே போட்டாள். தாண்டினாள். மறுபடியும் கம்பை எடுத்துவிட்டுக் காட்டினாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"வலிக்குதாக்கா?" என்றான் யோகேஸ்வரன்.

"வலி இல்ல தம்பி. தாண்ட ஒண்ணு கெடந்தா போதும். அவசரப்படுத்தாம இருந்தா இன்னும் நல்லது."

அவன் அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த கிளினிக்கில் டாக்டரிடம் காலைப் பற்றியும் சொல்லச் சொன்னான். பிள்ளைக்காம்பரா வேலைக்கு அந்த வாரமே வேறு லயத்து நாகலெட்சுமியைப் போட்டார்கள்.

கம்பு போட்டுக் காட்டியதற்கு அடுத்த நாள் பின்னேரம் மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. மீனம்மா வாசலை நெருங்கிக் கக்கத்துக் கம்பை எடுப்பதற்குள், வேறொரு கம்பு அங்கே கிடந்தது.

"பாத்து, மெதுவாவே தாண்டுங்க அத்தை," என்றாள் வினோதா, எங்கோ பார்த்துக்கொண்டு. "ஆனா கம்ப மிதிச்சு ஒடச்சிறாதீங்க. நாளைக்கு எனக்கு மட்டம் பாக்கணும்."