காலி பஸ்தான் தூக்கிப் போடும்

என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் அலுவலகத்தில் இருக்கிறார்கள். ஜெசிந்தாவைப் பற்றி நான் எழுத வந்ததற்கு முதலில் மன்னியுங்கள். அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

செய்தி வந்தபோது ஓட்டப்பிடாரத்திலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். காய்ச்சல் விட்டுவிட்டது, திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். கைபேசியில் வந்தது அவள் எண். பேசியது அவள் தம்பி.

விமானத்தை எவ்வளவு பலமான காற்று தூக்கியடிக்கும், அதை எந்தெந்தப் பாகம் தாங்க வேண்டும் என்று கணக்கிடுவது எங்கள் வேலை. சேர்ந்த புதிதில், எடை கூடினால்தான் ஆபத்தும் கூடும் என்று நினைத்து, நிறைந்த விமானத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். அவள் என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, நீ காலி பஸ்ஸுல ஏறுனதே இல்லியா?"

அவள் ஊரான வேம்பாருக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம் இருந்தால் வேகத்தடை தெரியவே தெரியாதாம். காலியாக இருந்தால் தலை கூரையில் முட்டுமாம். "வெயிட்டு இல்லாததத்தான் காத்து தூக்கிப் போடும். ரெண்டையும் போடுளா." போட்டேன். என்ஜினைத் தாங்கும் பிடிமானத்தின் பலத்தைக் கடைசியில் காலி விமானம்தான் முடிவு செய்தது.

காற்றின் அடியை நாங்கள் சுவர் போல வரைவதில்லை. மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்கும் மேடாக வரைவோம். குட்டை மேடு, நீள மேடு என்று மாற்றிப் போட்டு, எது இறக்கையை அதிகம் வளைக்கிறது என்று தேடுவோம். அந்த மேட்டுக்கு அவள் வைத்த பெயரும் வேகத்தடைதான். வாடிக்கையாளரிடம் பேசும்போது மேலாளர் ஒருமுறை வாய் தவறி அப்படியே சொல்லிவிட, அவள் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தாள்.

நாங்கள் இருவருமே விமானத்தில் ஏறியதில்லை. வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போக வேண்டும், இறக்கை நுனி வளைவதைச் சன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். அவள் அம்மா விடவில்லை. அந்தரத்தில் உனக்கென்ன சோலி என்று கேட்டாராம். "அம்மாவையும் கூட்டிட்டே போயிருவோம். குலுக்கும்போது கையப் புடிச்சுக்கிட்டு நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் இருந்துவிட்டேன்.

அடக்கத்தன்று அவள் அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "நான் விட்டிருந்தா ஒருக்கா பறந்திருப்பால்லா?"

இப்போது காலி எடைக்குப் போட்டுப் பார்க்காமல் எந்தக் கணக்கையும் நான் மூடுவதில்லை. அவளிடமிருந்து என்னிடம் தங்கியது அது.

வேம்பார்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அம்மா, அன்று உங்களிடம் கேட்க வாய் வராததை இங்கே கேட்கிறேன். ஒரு தடவை என்னோடு விமானத்தில் சென்னைக்கு வாருங்கள். சன்னலோர இருக்கை உங்களுக்கு. குலுக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு, அது வேகத்தடைதான் என்று நான் சொல்கிறேன்.