பேனா சார் போட்ட கையெழுத்து

ஒன்று, இரண்டு, மூன்று என்று தாளில் வட்டம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை மூடுவார். மூன்றாவது வட்டத்தில் மை லேசாகத் திக்கினாலும் போச்சு, பேனாவைக் கழற்றி வெந்நீரில் அலசி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வெளியுறவு அமைச்சகத்தில் இருபத்தாறு வருஷமாக இதுதான் வேலை: ஒப்பந்தம் கையெழுத்தாகும் மேஜையைத் தயார் செய்வது. பெயர் என்னவோ இருக்கிறது. வாசல் காவலாளி முதல் அமைச்சர் வரை எல்லோருக்கும் அவர் 'பேனா சார்'.

இரண்டு தரப்புப் பேனாவுக்கும் ஒரே புட்டி மைதான். "ஒருத்தர் கையெழுத்து பளிச்சுன்னும் இன்னொருத்தருது மங்கலாவும் இருந்தா, யாரு பெரியவங்கன்னு அங்கேயே ஆரம்பிச்சுடுவாங்க" என்பார். சட்டைப்பையில் உபரிப் பேனா ஒன்று எப்போதும் உண்டு. அதை இரவல் தரமாட்டார். மனைவி கேட்டாலும் பென்சில்தான் கிடைக்கும்.

இன்று காலை மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேஜைக் கொடிகளை நான்கு தடவை நகர்த்தி, பழைய இடத்திலேயே வைத்தார். பதினோரு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த தூர தேசத்தோடு மறுபடி உறவு. தூதரகம் திறக்க ஒப்பந்தம். வேறொரு நாட்டில் படிக்கப்போன அவர் மகள், அந்த தேசத்துக்காரனைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியேறிவிட்டாள். பேரன் நடக்கவே ஆரம்பித்தாயிற்று. தாத்தா இன்னும் செல்பேசிக்குள்தான் இருக்கிறார். இழுப்பறையில் பாஸ்போர்ட் விண்ணப்பம் ஒன்று, எல்லாம் நிரப்பி, கையெழுத்து மட்டும் இல்லாமல் இரண்டு வருஷமாகக் கிடக்கிறது. "விசா குடுக்க ஆளே இல்லாத ஊருக்கு பாஸ்போர்ட் எதுக்கு?" என்பார்.

விழா தொடங்கியதும் நம் அமைச்சர் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டார். விருந்தாளி அமைச்சரோ பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படிக்கத் தொடங்கினார். பின்னால் நின்ற பேனா சார் எட்டிப் பார்த்தார். மனசு மாறிவிட்டதா? முனை வேறு காய்கிறதே! அவர் கை உபரிப் பேனாவுக்குப் போவதற்குள் கையெழுத்து விழுந்தது, ஓர் இடத்திலும் திக்காமல். மையொற்றும் தாளை வைத்து அழுத்தியவர் வாய்விட்டுச் சிரித்தார். மேலதிகாரி முறைத்தார், யாருக்கு வேண்டும் அந்த முறைப்பு!

பின்னறைக்கு ஏறக்குறைய ஓடினார். மகளை அழைத்தார்.

"போட்டுட்டாங்கம்மா. ரெண்டு பேரும் போட்டுட்டாங்க. அவன்கிட்ட சொல்லு, தாத்தா வர்றேன்னு."

இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தார். சட்டைப்பைப் பேனாவை உருவி, எழுதிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.