குண்டு பட்ட இடத்தைச் சொன்னவள்

நார்த்மீட் என்ற புறநகரில் குடியிருந்த யோகாவுக்குக் கூர்மையான கண். மின்குமிழ்த் தொழிற்சாலை ஒன்றில் பழுதான குமிழ்களைப் பார்த்துப் பொறுக்குவது அவள் வேலை. அந்தக் கண்ணுக்கு வார இறுதியிலும் ஓய்வில்லை. கணவர் விக்னராஜா ரயில்வே பொறியியலாளர். தொலைதூரத் துப்பாக்கிச் சுடுதலில் பைத்தியம். அவர் சுடுவார். பக்கத்தில் படுத்திருந்து தொலைநோக்கியில் பார்த்து, குண்டு எங்கே பட்டதென்று யோகா சொல்ல வேண்டும். ஒருமுறை பிழையாகச் சொன்னதற்காக அவளைச் சுடுதளத்திலேயே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனவர் அவர். அவள் பஸ் மாறி மாறி வீடு வந்து சேர்ந்தாள்.

எழுபத்தேழாம் ஆண்டில் அவர் இரண்டு வகைக் குண்டுகளை ஒப்பிடத் தொடங்கினார். ஒன்று போட்டிகளுக்கானது, மற்றது வேட்டைக்கான ஈயமுனைக் குண்டு. கடதாசி இலக்கில் போட்டிக் குண்டுகள் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வாயளவுக்குள் விழுந்தன. ஈயமுனை சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சிதறியது.

"கடதாசியில பாத்தாச்சு. இனி உயிரில பாக்க வேணும்" என்றார்.

டப்போ நகருக்கு மேற்கே மரே என்ற கிழவரின் பண்ணையில் கங்காருகள் புல்லைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அவற்றைச் சுட மரே அரசாங்க அனுமதி எடுத்திருந்தார். விக்னராஜாவும் யோகாவும் அங்கே போனார்கள்.

வெறுங்கண்ணுக்குப் புள்ளியாய்த் தெரியும் தூரத்தில், ஈயமுனை பட்ட முதல் கங்காரு நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தது. அடுத்து போட்டிக் குண்டு. கங்காரு ஒருமுறை குலுங்கி உட்கார்ந்தது. பிறகு முன்கால்களால் மண்ணைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தது. குண்டு உள்ளே விரியாமல் ஊசிபோல் துளைத்து மறுபக்கம் போயிருந்தது.

"என்ன மாதிரி?"

"அசையுது. இன்னொண்டு சுடுங்கோ, பாவம்."

"சுட்டா எப்பிடித் தெரியும்? எவ்வளவு நேரம் தாங்குது எண்டு பாரும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். யோகாவால் பார்க்க முடியவில்லை. இது முடிந்தால் போதும் என்று நினைத்து, "செத்திட்டுது" என்றாள்.

"அப்ப இதுவும் கொல்லுது!"

விக்னராஜாவின் முகம் மலர்ந்தது. ஈயமுனைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, போட்டிக் குண்டாலேயே மாலைவரை சுட்டார். அடிபட்டவை ஒவ்வொன்றாகப் புதருக்குள் இழுபட்டுப் போயின. ஒவ்வொரு தடவையும் யோகா செத்துவிட்டது என்றே சொன்னாள். முதல் பொய்யைச் சொன்ன பிறகு உண்மையைச் சொல்லும் தைரியம் அவளுக்கு வரவில்லை.

லொறியில் வந்த மரே வழியில் தவழ்ந்த விலங்குகளைக் கண்டார். இறங்கியதும் விக்னராஜாவின் சட்டையைப் பிடித்தார். விக்னராஜா மனைவியைக் கைகாட்டினார்.

"செத்துப்போச்சு எண்டு இவள்தான் சொன்னவள்."

மரே அவளை ஏற இறங்கப் பார்த்தார். லொறிக்குள்ளிருந்து ஒரு சிறிய துப்பாக்கியை எடுத்து அவள் கையில் திணித்து, போய் முடித்துவிட்டு வரச் சொன்னார். அதுவரை அவள் துப்பாக்கி தொட்டதில்லை. காதுக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்று மட்டும் அவர் காட்டிக் கொடுத்தார்.

இரத்தத் தடம் பிடித்து யோகா புதருக்குள் நடந்தாள். ஒன்றின் பைக்குள் குட்டி இருந்தது. மயிர் முளைக்காத குட்டி. அதையும் அவள்தான் முடிக்க வேண்டியிருந்தது. இருட்டியபோது இன்னும் சில அகப்படவில்லை.

திரும்பும் வழியில் விக்னராஜா காரை விரட்டினார். பிறகு, "ஒரு நாள் முழுக்க வீணாக்கிப் போட்டீர். திரும்ப முதலிலயிருந்து செய்ய வேணும்" என்றார்.

"நான் வரேல்லை."

"பின்ன ஆர் பாக்கிறது?"

மரே அவர்களை மறுபடி விடவில்லை. அடுத்த மாதம் வேறொரு பண்ணை கிடைத்தது. யோகா போனாள். தொலைநோக்கியில் கண்ணை வைத்து, கண்டதைக் கண்டபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் விக்னராஜா தன் துப்பாக்கிச் சுடுதல் கழகத்தில் தன் முடிவுகளைப் பற்றிப் பேசினார். கடதாசிக்கு ஒன்று, இறைச்சிக்கு மற்றது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். யோகா பின்வரிசைக் கதிரையில் இருந்தாள், அவளும் தட்டினாள்.